பரோல் ரத்து விசாரணையில் வக்கீல் உண்டா? அமெரிக்கச் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் சிறையிலிருந்து பரோலில் வெளியே வந்து ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை ஒருநாள் மறுபடியும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "இதற்கு வக்கீல் உண்டா? அரசே கொடுக்குமா, நாம் காசு கட்டி வைக்கணுமா?"

சில மாநிலங்களில் எல்லோருக்கும் அரசே வக்கீல் தருகிறது. மற்ற இடங்களில் வழக்கைப் பார்த்துத்தான் தருவார்கள், அதுவும் கேட்டால்தான். எதிலாவது கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கீழே வருவது பொதுவான விளக்கம். குறிப்பிட்ட வழக்கு ஒன்றுக்கு அந்த மாநிலத்து வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

பரோல் என்றால் நம் ஊரில் சொல்கிற பரோல்தானே?

இல்லை. இதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது. தமிழ்நாட்டில் பரோல் என்று நாம் சொல்வது கைதிக்குத் தரும் விடுப்பு. தங்கை கல்யாணம், தாயார் மரணம், உடல்நலக் குறைவு என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகச் சில நாள் வெளியே விடுவார்கள், நாள் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். அதற்கு 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன.

அமெரிக்காவில் பரோல் என்பது தண்டனைக் காலம் முடியும் முன்பே கிடைக்கும் விடுதலை. மிச்சமுள்ள காலத்தை ஒருவர் வெளியே, தன் வீட்டில், ஒரு பரோல் அதிகாரியின் கண்காணிப்பில் கழிக்கிறார். அங்கே திரும்பிப் போகிற நாள் என்று எதுவும் கிடையாது. திரும்பிப் போக வைத்தால் அதற்குப் பெயர்தான் ரத்து.

எதற்காகவெல்லாம் ரத்து செய்யலாம்?

புதிதாகக் குற்றம் செய்ததாகச் சொல்லலாம். அல்லது நிபந்தனையை மீறியதாகச் சொல்லலாம். இரண்டாவது வகையை டெக்னிக்கல் மீறல் என்பார்கள். அதிகாரியைப் பார்க்கக் குறித்த நாளில் போகாதது, சொல்லாமல் வீடு மாறியது, அனுமதியில்லாமல் மாநில எல்லை தாண்டியது, சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் தெரிந்தது, ஊரடங்கு நேரத்துக்குப் பிறகு வெளியே இருந்தது, இப்படி. வேறு யாரும் செய்தால் குற்றமே ஆகாத பல காரியங்கள் இந்தப் பட்டியலில் வரும்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மாநில அரசுகளின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் ஸ்டேட் கவர்ன்மென்ட்ஸ் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, மாநிலச் சிறைகளுக்குள் வருகிறவர்களில் 45 சதவீதம் பேர் பரோல் அல்லது ப்ரொபேஷன் (சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு கண்காணிப்பில் வெளியே விடுவது) மீறலால் வருகிறார்கள் என்று கணக்குச் சொன்னது. உள்ளே வருகிறவர்கள் மொத்தத்தில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் டெக்னிக்கல் மீறலால் வருகிறவர்கள்.

கிரிமினல் வழக்கில் ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது உலகறிந்த விஷயம். இங்கே மட்டும் ஏன் இழுபறி?

1963-இல் கிடியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. அதற்கு ஆதாரம் அரசியல் சாசனத்தின் 6-ஆவது திருத்தம். அந்தத் திருத்தத்தின் வாசகம் "குற்ற வழக்குகளில்" என்று தொடங்குகிறது. பரோல் ரத்து குற்ற வழக்கு அல்ல, அந்த வழக்கு தண்டனையோடு முடிந்துவிட்டது, இது தண்டனையை நிறைவேற்றும் நிர்வாகக் காரியம் என்பது நீதிமன்றத்தின் பார்வை. ஆகவே 6-ஆவது திருத்தம் இங்கே எட்டாது.

எட்டுவது 14-ஆவது திருத்தம். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க வேண்டுமென்றால் உரிய சட்ட நடைமுறைப்படிதான் பறிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் "உரிய" என்றால் எவ்வளவு? அதை அளந்து சொன்ன இரண்டு தீர்ப்புகள் 1972-இலும் 1973-இலும் வந்தன. இன்று வரை நாடு முழுக்க அடித்தளம் அவைதான்.

1972-இல் என்ன நடந்தது?

அயோவா மாநிலத்தில் மோரிசி என்றொருவர். போலிக் காசோலை வழக்கில் 1967-இல் தண்டனை, அதிகபட்சம் ஏழு வருடம். 1968 ஜூனில் பரோலில் வந்தார். ஏழு மாதம் கழித்துப் பிடித்தார்கள். பொய்ப் பெயரில் கார் வாங்கினார், அனுமதியில்லாமல் ஓட்டினார், சின்ன விபத்து ஒன்றில் போலீஸிடம் பொய் சொன்னார், பொய்ப் பெயரில் கடன் வாங்கினார், எங்கே குடியிருக்கிறார் என்பதை அதிகாரிக்குத் தெரிவிக்கவில்லை என்பன குற்றச்சாட்டுகள். அதிகாரி அறிக்கை எழுதினார். பரோல் வாரியம் அதைப் படித்து ரத்து செய்தது. அவ்வளவுதான், அவரை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே மாநிலத்தில் பூஹர் என்ற இன்னொருவருக்கும் இதே கதை.

அந்தக் காலத்தில் அரசுகள் சொன்ன வாதம்: பரோல் என்பது சலுகை, உரிமை இல்லை, கொடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம். மோரிசி எதிர் ப்ரூவர் வழக்கில் தலைமை நீதிபதி வாரன் பர்கர் அந்த வாதத்தை ஒதுக்கினார். பரோலில் இருப்பவர் வேலைக்குப் போகிறார், குடும்பத்தோடு இருக்கிறார், நண்பர்களைப் பார்க்கிறார். இதைச் சலுகை என்று சொன்னாலும் உரிமை என்று சொன்னாலும் பறித்தால் வலி ஒன்றுதான், ஆகவே விசாரணை வேண்டும் என்றார்.

எப்படிப்பட்ட விசாரணை? இரண்டு கட்டம். பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, தாமதமில்லாமல், முதல்கட்ட விசாரணை. மீறல் நடந்திருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம் உண்டா என்று மட்டும் பார்ப்பது. அப்புறம் இறுதி விசாரணை. அது இரண்டு மாதத்துக்குள் நடந்தால் நியாயமான தாமதம்தான் என்று தீர்ப்பே சொல்கிறது. என்ன குற்றச்சாட்டு என்பதை எழுத்தில் தர வேண்டும், ஆதாரத்தைக் காட்ட வேண்டும், அவர் நேரில் பேசவும் சாட்சிகளைக் கொண்டுவரவும் விட வேண்டும், எதிர்சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும் (அதை மறுக்கத் தக்க காரணம் இருந்தால் மறுக்கலாம்), முடிவெடுப்பவர்கள் பக்கச்சார்பு இல்லாதவர்களாக இருக்க வேண்டும், முடிவின் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு வக்கீல் விஷயத்தை மட்டும் இப்போது தீர்மானிக்கப் போவதில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. குறுக்கு விசாரணை செய்யும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைச் செய்யத் தெரிந்த ஆள் வேண்டுமா என்பதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

அடுத்த வருடம்?

கேக்னன் எதிர் ஸ்கார்பெலி, 1973 மே. ஸ்கார்பெலி விஸ்கான்சின் மாநிலத்தில் 1965 ஜூலையில் ஆயுதக் கொள்ளைக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். 15 வருடத் தண்டனையை நிறுத்திவைத்து ஏழு வருட ப்ரொபேஷன் கொடுத்தார்கள். இல்லினாயில் குடியிருக்க அனுமதி தரும் ஒப்பந்தத்தில் ஆகஸ்ட் 5 அன்று கையெழுத்திட்டார். மறுநாளே இல்லினாயில் ஒரு வீட்டில் திருடும்போது பிடிபட்டதாகப் போலீஸ் சொன்னது. அவர் கொடுத்த வாக்குமூலமும் இருந்தது. அது மிரட்டி வாங்கியது, பொய் என்று பின்னால் அவர் சொன்னார். எந்த விசாரணையும் இல்லை. செப்டம்பர் 1-இல் ரத்து, 4-ஆம் தேதி கிரீன் பே சீர்திருத்தச் சிறையில் 15 வருடக் கணக்குத் தொடங்கியது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். மோரிசி தீர்ப்பின் பாதுகாப்புகள் ப்ரொபேஷனுக்கும் பொருந்தும் என்றார். வக்கீல் விஷயத்தில், எல்லோருக்கும் கட்டாயமும் இல்லை, யாருக்குமே கிடையாது என்பதும் இல்லை, வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்றார்.

அவர் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். வக்கீல் உள்ளே வந்தால் அரசும் வக்கீல் வைக்கும், விசாரணை நீளும், செலவு கூடும். அதைவிட முக்கியம், இப்போது சீர்திருத்த நோக்கோடு உட்கார்ந்திருக்கும் வாரியம் கோர்ட்டு நீதிபதி மாதிரி ஆகிவிடும், மனிதரின் தேவையைப் பார்ப்பது குறையும் என்றார். பரோல் அதிகாரி எதிரி அல்ல, வழிகாட்டி என்ற நம்பிக்கை அந்த வாதத்தின் அடியில் இருக்கிறது. 1973-இல் அந்த நம்பிக்கைக்கு இடம் இருந்திருக்கலாம். கைவிலங்கு மாட்டுகிறவரும் அறிக்கை எழுதுகிறவரும் பல நேரம் அதே அதிகாரிதான் என்பதைப் பார்த்த எவருக்கும் இந்தக் காரணம் இப்போது தொண்டையில் இறங்காது. ஸ்கார்பெலிக்கு வாக்குமூலத் தகராறு இருப்பதால் வக்கீல் தந்தே ஆக வேண்டும் என்று நீதிபதி டக்ளஸ் அப்போதே மாறுபட்டு எழுதினார்.

சரி, "வழக்குக்கு வழக்கு" என்றால் எந்த வழக்குக்குத் தருவார்கள்?

பவல் ஒரு அளவுகோல் கொடுத்தார். வக்கீல் கேட்கும் உரிமை இருப்பதை அவருக்கு முதலில் சொல்ல வேண்டும். அவர் கேட்கும்போது கீழ்க்கண்ட இரண்டில் ஒன்றைக் காலத்தோடு, மேலோட்டமாகப் பார்த்தாலும் நம்பும்படியாகச் சொன்னால் பொதுவாகத் தர வேண்டும்.

ஒன்று: "நான் அதைச் செய்யவில்லை."

மற்றது: "செய்தேன், ஆனால் அதற்குப் பலமான காரணம் உண்டு, என்னைத் திரும்ப உள்ளே போடுவது சரியாகாது, அந்தக் காரணம் சிக்கலானது, தனியாக என்னால் எடுத்துச் சொல்ல முடியாது."

ஒரு கற்பனை உதாரணம். ஒருவர் மூன்று வாரம் அதிகாரியைப் பார்க்கவில்லை. பேருந்து தவறியது என்பது காரணமானால், அதைச் சொல்ல வக்கீல் எதற்கு என்று மறுத்துவிடுவார்கள். ஆனால் காப்பீடு அறுந்து, மனநல மருந்து நின்று, அதனால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத நிலை என்றால் கதை வேறு. மருந்து எப்போது நின்றது, மருத்துவர் என்ன சொல்கிறார், மறுபடி கொடுத்தால் சரியாகுமா என்பதையெல்லாம் பதிவேடுகளோடு அடுக்கிக் காட்ட வேண்டும். இது இரண்டாவது வகை.

இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அவரால் தனக்காகத் தானே சரியாகப் பேச முடியுமா? ஐயம் வரும் வழக்குகளில் இதற்குக் கூடுதல் எடை. மறுத்தால் மறுத்ததற்கான காரணத்தைப் பதிவில் எழுத வேண்டும்.

படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. நடைமுறையில் சிக்கல் எங்கே என்றால், தனக்கு வக்கீல் வேண்டிய காரணத்தை அழகாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கு வக்கீல் அவ்வளவாகத் தேவையில்லை. சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து நிற்பவருக்குத்தான் தேவை. அவர் கேட்கவே மாட்டார்.

அப்படியானால் கேட்கும்போது எப்படிக் கேட்பது?

நீளமாக வேண்டாம். "எனக்கு வக்கீல் வேண்டும். வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. குற்றச்சாட்டை மறுக்கிறேன்" என்றால் போதும். மறுக்க முடியாத வழக்கு என்றால் கடைசி வாக்கியத்துக்குப் பதில் "தண்டனையைக் குறைக்கக் காரணங்கள் உண்டு, அவற்றை என்னால் தனியாக எடுத்துவைக்க முடியாது" என்று சொல்லலாம். வாயால் சொன்னதோடு நிற்காமல் தாளிலும் எழுதித் தருவது நல்லது. நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

அதிகாரி ஒரு படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போட்டால் சீக்கிரம் முடியும் என்கிறாரே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிடித்த ஓரிரு நாளில் படிவம் வரும். முதல்கட்ட விசாரணை வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பது, குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வது, வக்கீல் வேண்டாம் என்பது எல்லாம் தனித்தனிப் பெட்டிகளாக ஒரே தாளில் இருக்கலாம். "இத்தனை மாதம் உள்ளே இருந்தால் போதும், கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு பேரமும் கூடவே வரலாம். அந்தப் பேரம் நல்ல பேரமாகவே இருக்கவும் கூடும். ஆனால் நல்லதா கெட்டதா என்று சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் வக்கீல்.

"செய்யவில்லை" என்று சொல்வதுதான் வக்கீல் பெறும் முதல் வழி என்று மேலே பார்த்தோம். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதும் அந்த வழி அடைபட்டுவிடும். முதல்கட்ட விசாரணையை விட்டுக்கொடுத்தால் எதிர்த்தரப்பு ஆதாரத்தை முன்கூட்டியே பார்க்கும் வாய்ப்பும் போகும். ஆகவே அதிகாரியிடம் சண்டை போடாமல், "வக்கீலைப் பார்த்த பிறகு பதில் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்கலாம். அவசரம் அவர்களுடையது. சில இடங்களில் தாளைப் பெற்றுக்கொண்டதற்கே தனியாகக் கையெழுத்துக் கேட்பார்கள். அது வேறு, இது வேறு. எந்த வரிக்குக் கீழே கையெழுத்து விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லா மாநிலத்திலும் இதே அளவுகோல்தானா?

1973 தீர்ப்பு தரைமட்டம். அதற்குக் கீழே யாரும் போக முடியாது, மேலே கட்டிக்கொள்ளலாம். பல மாநிலங்கள் கட்டியிருக்கின்றன.

நியூயார்க்கில் அந்தத் தீர்ப்புக்கும் முன்னாலேயே, 1971-இல், மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் மெனகினோ வழக்கில் பரோல் ரத்து விசாரணையில் வக்கீல் உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. 2021 செப்டம்பரில் ஆளுநர் கேத்தி ஹோகுல் கையெழுத்திட்ட "லெஸ் இஸ் மோர்" சட்டம் இன்னும் தூரம் போனது. வாரண்டில் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்தி, வக்கீல் துணையோடு, வெளியே விடலாமா என்று பார்க்க வேண்டும். பல டெக்னிக்கல் மீறல்களுக்குச் சிறையே கிடையாது, இருக்கும் இடத்திலும் உச்சவரம்பு 30 நாள். முன்னால் இதே மீறல்களுக்கு மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார்கள்.

கலிஃபோர்னியா கதை நீளம். 1994-இல் வல்டிவியா என்ற பெயரில் பரோலில் இருந்தவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். முதல்கட்ட விசாரணையே வைக்காமல் ஆட்களை வாரக்கணக்கில் அடைத்துவைக்கும் அந்த மாநில வழக்கம் சாசனத்துக்கு விரோதம் என்று 2002-இல் கூட்டாட்சி நீதிபதி லாரன்ஸ் கார்ல்டன் தீர்ப்புச் சொன்னார். 2004-இல் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட உத்தரவின்படி ரத்து விசாரணைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வக்கீல் என்றானது. 2008-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய மார்சி சட்டம் அதைப் பழையபடி "வழக்குக்கு வழக்கு" என்று சுருக்கப் பார்த்தது. 2013 ஜூலை 1 முதல் பெரும்பாலான ரத்து விசாரணைகளே மாவட்ட அளவிலான கோர்ட்டுகளுக்கு மாறின. இப்போது அங்கே பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம், அதாவது அரசு சம்பளத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீல்கள், நிற்கிறார்கள்.

ஸ்கார்பெலியின் விஸ்கான்சினிலேயே இன்று பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம் ரத்து வழக்குகளை எடுத்து நடத்துகிறது.

கூட்டாட்சி வழக்குகளில், 1987 நவம்பர் 1-க்குப் பிறகு நடந்த குற்றங்களுக்குப் பரோலே கிடையாது. அதற்குப் பதிலாகச் சிறைக்காலம் முடிந்தபின் கண்காணிப்பு விடுதலை என்று ஒன்று வரும். அதை ரத்து செய்வது நீதிபதி. கூட்டாட்சிக் குற்றவியல் நடைமுறை விதி 32.1-இன்படி வக்கீல் வைத்துக்கொள்ளவோ, பணமில்லை என்றால் கேட்டுப் பெறவோ உரிமை இருப்பதை அவருக்குச் சொல்லியாக வேண்டும். அங்கே இந்த இழுபறி இல்லை.

ப்ரொபேஷன் ரத்துக்கும் இதே விதிதானா?

பெரும்பாலும் ஆம். ஒரு முக்கிய விலக்கு உண்டு. ப்ரொபேஷன் கொடுத்தபோது தண்டனை எத்தனை வருடம் என்று சொல்லாமல் தள்ளிவைத்திருந்து, ரத்து செய்யும் அன்றே தண்டனையை விதிக்கிறார்கள் என்றால் அது தண்டனை விதிப்பு, ஆகவே வக்கீல் கட்டாயம். இது 1967-இன் மெம்பா வழக்கு. 17 வயதுப் பையன், வாஷிங்டன் மாநிலம், பிறர் காரை எடுத்து ஓட்டிய வழக்கு. ரத்து விசாரணைக்கு மாற்றாந்தந்தையோடு வந்தான். வக்கீல் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. பத்து வருடம் போட்டார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் அதே வருடம் நீதிபதியான தர்குட் மார்ஷல்.

புதுக் குற்ற வழக்கும் இருக்கிறது, ரத்தும் இருக்கிறது. எது முதலில்?

இரண்டும் தனித்தனித் தண்டவாளம். ரத்து விசாரணை முதலில் வந்தால் ஆபத்து அதிகம். அங்கே "என்ன நடந்தது என்று சொல்லட்டுமா" என்று மனம் திறந்து பேசியது, பிற்பாடு கிரிமினல் வழக்கில் அவருக்கு எதிராகவே எடுத்துவைக்கப்படலாம். கலிஃபோர்னியாவில் 1975-இன் கோல்மன் தீர்ப்பு இதற்கு ஓரளவு தடை போட்டது. எல்லா மாநிலத்திலும் அந்தத் தடை இருக்கும் என்று நம்பிப் பேசக்கூடாது.

இன்னொரு விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். கிரிமினல் வழக்கில் விடுதலையானாலும் அதே சம்பவத்துக்காகப் பரோலை ரத்து செய்ய முடியும். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ரத்து விசாரணையில் நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று தெரிந்தால் போதும். ஜூரியும் கிடையாது.

வக்கீல் வந்துதான் என்ன மாற்றப் போகிறார்?

"பிடித்துவிட்டார்கள், இனி என்ன" என்று நினைப்பவர்கள் உண்டு. விசாரணையில் இரண்டு கேள்வி: மீறல் நடந்ததா? நடந்திருந்தால் திரும்ப உள்ளே போடத்தான் வேண்டுமா? முதல் கேள்வியில் தோற்கும் வழக்குகளில்கூட இரண்டாவதில் ஜெயிக்க இடம் உண்டு. சிகிச்சை மையம், கடுமையான நிபந்தனை, குறைந்த நாள் என்று மாற்று ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீல் போவார். தனியாக அடைபட்டிருப்பவரால் சிகிச்சை மையத்துக்கு போன் செய்து இடம் பிடிக்க முடியுமா?

முதல் கேள்வியிலும் வேலை இருக்கிறது. இங்கே சாட்சிய விதிகள் தளர்வு, செவிவழிச் செய்தியைக்கூட எடுத்துக்கொள்வார்கள். "அந்த ஆளை நேரில் கொண்டுவாருங்கள், கொண்டுவர முடியாத காரணத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்க வக்கீலுக்குத் தெரியும்.

எது பலிக்காது என்பதும் அவருக்குத் தெரியும். சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்த ஆதாரத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்ற வாதம் கோர்ட்டில் செல்லும். பரோல் வாரியத்தில் செல்லாது. பென்சில்வேனியாவில் ஸ்காட் என்பவரின் தாயார் வீட்டில் அதிகாரிகள் தேடி ஐந்து துப்பாக்கி, ஒரு வில், மூன்று அம்பு எடுத்தார்கள். துப்பாக்கிகள் மாற்றாந்தந்தையுடையவை என்று வாதாடினார்கள். 1998-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், சோதனை தவறாகவே இருந்தாலும் ரத்து விசாரணையில் அந்த ஆதாரம் செல்லும் என்றது.

பணம் கட்டாததால் மீறல் என்றால் 1983-இன் பியர்டன் வழக்கை வக்கீல் எடுப்பார். ஜார்ஜியாவில் வேலை இழந்த, படிக்கத் தெரியாத ஒருவர் 750 டாலரில் 200 மட்டும் கட்டியிருந்தார். கட்ட முயன்றாரா, முடியவில்லையா என்று விசாரிக்காமல் உள்ளே தள்ளக்கூடாது என்றது தீர்ப்பு.

சொந்தச் செலவில் வக்கீல் வைத்துக்கொண்டால் தடுக்க முடியுமா?

1973 தீர்ப்பு இதைப் பொதுவாகத் தீர்க்காமல் அடிக்குறிப்பு ஒன்றில் விட்டுவிட்டது. அதற்கு முந்தைய வருடமே நீதிபதி பிரென்னன், மார்ஷலும் சேர்ந்துகொள்ள, சொந்த வக்கீலை அனுமதித்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தார். நடைமுறையில் பல மாநிலச் சட்டங்கள் சொந்த வக்கீலை அனுமதிக்கின்றன. கிரிமினல் வழக்கு நடத்தத் தெரிந்தவர் என்பது மட்டும் போதாது, பரோல் வாரியத்தில் நின்று பழகியவரா என்று கேட்டுப் பிடியுங்கள்.

விசாரணை நடத்துவது நீதிபதியா?

கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் ஆம். பல இடங்களில் வாரியத்தின் விசாரணை அதிகாரி. வக்கீலாகக்கூட இருக்க வேண்டியதில்லை. முதல்கட்ட விசாரணையை இன்னொரு பரோல் அதிகாரியே நடத்தலாம், புகார் எழுதியவராக மட்டும் இருக்கக்கூடாது.

வக்கீல் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். இனி?

மறுத்த காரணம் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவே மேல்முறையீட்டுக்கு முதல் பிடி. விசாரணை தொடங்கும்போது மறுபடியும் ஒருமுறை கேளுங்கள், அதுவும் பதிவாகும். நிர்வாக மேல்முறையீட்டுக்குக் கெடு குறுகலாக இருக்கும், முடிவு கையில் கிடைத்த நாளைக் குறித்துவையுங்கள். அதன்பின் மாநில நீதிமன்றம், ஆட்கொணர்வு மனு. ஸ்கார்பெலி மனுப் போட்டது உள்ளே போய் மூன்று வருடம் கழித்து, தீர்ப்பு வந்தது ஏறக்குறைய எட்டு வருடம் கழித்து. மேல்முறையீட்டை நம்பி முதல் விசாரணையைக் கோட்டைவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆங்கிலம் தடுமாறும் என்றால்?

அதைச் சொல்லியே வக்கீல் கேட்கலாம். தனக்காகத் தானே பேச முடியுமா என்பது பவலின் அளவுகோலிலேயே இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் தமிழுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். புரியாததற்கெல்லாம் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே அது ஒப்புதலாகப் பதிவாகிவிடும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் என்றால் குடிவரவு வக்கீல் ஒருவரிடமும் பேசாமல் எதையும் ஒப்புக்கொள்ளக்கூடாது.

வெளியே இருக்கும் குடும்பத்தார் என்ன செய்யலாம்?

பிடித்த அன்றே அந்த மாவட்டத்தின் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் பரோல் வழக்கு எடுப்பதில்லை என்றால் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், மருத்துவரின் கடிதம், சிகிச்சை வகுப்புக்குப் போன வருகைப் பதிவு, அதிகாரிக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் சேர்த்து வக்கீலிடம் கொடுங்கள். முதலாளி ஒருவர் "வந்தால் வேலை இருக்கிறது" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

அப்புறம், சிறையிலிருந்து வரும் போன் அழைப்புகள் பதிவாகின்றன. தொடக்கத்திலேயே அப்படி அறிவிப்பும் வரும், ஆனால் அழுகையில் யாரும் காதில் வாங்குவதில்லை. "என்னதான் நடந்தது, சொல்லு" என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, மருந்து கொடுக்கிறார்களா, எந்தத் தாளிலாவது கையெழுத்துப் போட்டாயா என்று மட்டும் கேளுங்கள். போடவில்லை என்றால், வக்கீல் வரும்வரை போடாதே என்று சொல்லிவிட்டுப் போனை வையுங்கள்.